மண்டபம் அப்புறம் கட்டலாம்: மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், மன்றங்கள், நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் வணக்கம்.

நான் தாராவியில் பிறந்தவள். அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். உங்கள் பொங்கல் விழாக்களில் கோலம் போட்டிருக்கிறேன், திருக்குறள் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போதும் சந்தா கட்டும் உறுப்பினர். போன மாதம் நடந்த கூட்டத்துக்கும் வந்திருந்தேன். நம்மிடையே வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவருக்கு நினைவு மண்டபம் கட்டலாம் என்று அன்று பேச்சு வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், என் தம்பியின் பாலிடெக்னிக் கட்டணத்தை இரண்டு வருடம் கட்டியவர் அவர். ஆனால் வீடு திரும்பும்போது ரயிலில் மனசு கேட்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் அக்கா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். நாற்பது வருடத்துக்கு மேல் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் முறுக்கு சுட்டு விற்றே பிள்ளைகளை வளர்த்தார். மாவுக் கடைக்காரரிடம் பேசும் இந்தி, முனிசிபாலிட்டி ஆளிடம் பேசும் இந்தி, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். சந்து முழுக்க நம் ஆட்களாக இருக்கும்போது அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது இடுப்பு நரம்புகள் வரை போயிருந்தது. ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். நோய் முற்ற முற்ற, தெரிந்திருந்த அந்த நாலு வார்த்தை இந்தியும் அவரை விட்டுப் போய்விட்டது. கடைசியில் மிஞ்சியது தமிழ் மட்டும்தான். அதுவும் ஊர்த் தமிழ்.

பார்வையாளர் நேரம் மாலையில் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அத்தை தனி. வார்டில் இருந்த நர்ஸ் பொறுமையான பெண். வேளைக்கு ஒரு தடவை கட்டிலருகே வந்து மராட்டியில் கேட்பார்: "துக்தய் கா, மாவ்ஷி?" வலிக்கிறதா என்று அர்த்தம். அத்தையின் காதில் அது "துக்கமா?" என்று விழுந்திருக்கிறது. நம் வழக்கில் துக்கம் என்றால் சாவு வீடு. "எனக்கென்ன தாயி துக்கம், புள்ளைக எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லித் தலையை ஆட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணும் தாளில் வலி இல்லை என்று குறித்திருக்கிறார். இப்படியே மூன்று நாள். நாலாம் நாள் சாயங்காலம் நான் பக்கத்தில் இருக்கும்போது அதே கேள்வி, அதே பதில். அப்போதுதான் எனக்கு விளங்கியது. "அத்தே, நோவுதான்னு கேக்காவ" என்றேன். அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "காந்துதுட்டி. தொடையில கங்க வச்சு இழுத்த மாதிரி காந்துது. மூணு நாளா சொல்லுதேன், ஒருத்தருக்கும் கேக்கல."

யார் மீதும் பழி போட இதை எழுதவில்லை. விஷயம் தெரிந்ததும் அந்த நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். அன்று ராத்திரியே மருந்து மாறியது. அத்தை அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார், பெரும்பாலும் வலி அடங்கி, தன் வீட்டில், தன் பாயில். ஆனால் அந்த மூன்று நாள் என் தொண்டையில் இன்னும் முள்ளாக நிற்கிறது.

வலியைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கடுக்கிறது, உளைகிறது, குத்துகிறது, எரிகிறது, காந்துகிறது, பிசைகிறது, இழுக்கிறது, விண் விண்ணென்று தெறிக்கிறது, மரத்துப்போய் ஊசி ஊசியாகக் குத்துகிறது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு துப்பு. எரிச்சல், காந்தல், மின்சாரம் பாய்வதுபோல் இழுப்பது என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு, அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினோடு காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறு மாத்திரைகளும் சேர்த்துக் கொடுப்பார்கள். எலும்புக்குள் உளைச்சல் என்றால் குறைந்த அளவு கதிர்வீச்சிலேயே தணியலாம். வயிற்றை விட்டுவிட்டுப் பிசைகிறது என்றால் குடல் அடைப்பா என்று பார்ப்பார்கள். வலிக்கிறது என்பதற்கு இந்தியில் சொல்லும் "தர்த் ஹே" என்ற இரண்டு வார்த்தைக்குள் இதில் எதுவுமே அடங்காது. 1985ஆம் ஆண்டு வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை நோயாளிக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தது. அதைத் தளர்த்தக் கோரி வலித் தணிப்பு மருத்துவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2014இல் திருத்தம் வந்தது. அப்படி வந்து சேர்ந்த மருந்தும், எங்கே எப்படி வலிக்கிறது என்று சொல்ல வாயும் கேட்கக் காதும் இருந்தால்தான் உடம்புக்குள் போகும்.

சரி, இதற்கும் நினைவு மண்டபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்த ஊரில் நடந்த ஒரு கல்யாணத்தைச் சொல்கிறேன்.

1959 ஏப்ரல் 5 அன்று பம்பாயின் கத்தோலிக்கப் பேராலயத்தில் இரண்டு வெள்ளைக்காரர்களுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை லெனர்ட் செஷயர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை அதிகாரி. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வாங்கியவர். 1945இல் நாகசாகி மீது அணுகுண்டு விழுந்தபோது பிரிட்டன் தரப்புப் பார்வையாளராக வானத்திலிருந்து அதைக் கண்ணால் கண்டவர். போர் முடிந்த பிறகு, 1948இல், ஆர்தர் டைக்ஸ் என்ற புற்றுநோயாளியை மருத்துவமனை இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிட்டது. அவருக்குப் போக இடமும் இல்லை. செஷயர் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்து, தானே குளிப்பாட்டி, தானே சமைத்துப் போட்டு, சாகும் வரை பார்த்துக்கொண்டார். மாற்றுத்திறனாளிகளுக்கும் நீண்டநாள் நோயாளிகளுக்குமான செஷயர் இல்லங்கள் தொடங்கியது அந்த ஒரு கட்டிலிலிருந்துதான். 1950களின் நடுவிலேயே நம் அந்தேரியிலும் ஒன்று வந்துவிட்டது.

மணப்பெண் சூ ரைடர். இந்த மடலுக்கு அவர்தான் முக்கியம். போர்க்காலத்தில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த தங்கள் நாட்டுக்குள் ரகசியமாகக் குதிக்கப்போகும் போலந்து வீரர்களோடு வேலை பார்த்த இளம்பெண் அவர். புறப்பட்டுப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அவர் நினைத்தார். கல்லில் எழுப்பாமல், துன்பப்படுகிற மனிதர்களைக் கவனித்துக்கொள்வதையே உயிருள்ள நினைவுச் சின்னமாக வைக்க முடிவு செய்தார். 1953இல் தன் தாயார் வாழ்ந்த வீட்டிலேயே, இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தின் கேவண்டிஷ் கிராமத்தில், முதல் இல்லத்தைத் தொடங்கினார். நோயாளிகளோடு அதே கூரையின் கீழ் குடியிருந்தார். இல்லங்கள் பெருகின. மீள முடியாத நோயாளிகளுக்கும், வருடக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களுக்கும் அவை வீடாக இருந்தன. அந்த அறக்கட்டளை இன்றும் இங்கிலாந்தில் அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்களை நடத்துகிறது.

அவர் செய்ததில் என்னை அதிகம் அசைத்தது இல்லங்கள்கூட இல்லை, அதற்கு முந்தைய ஒரு வேலை. போருக்குப் பிறகு ஜெர்மன் சிறைகளில் அயல்நாட்டு இளைஞர்கள் பலர் அடைபட்டிருந்தார்கள், முக்கியமாகப் போலந்துக்காரர்கள். நாஜி முகாம்களிலிருந்து மீண்டு, போக வீடில்லாமல், பசியிலும் ஆத்திரத்திலும் ஏதோ செய்து பிடிபட்டவர்கள். சொந்த ஊரில்லை, சொந்த மொழி பேசுவோர் இல்லை, பார்க்க வருபவர் யாருமில்லை. சூ ரைடர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு சிறை சிறையாகப் போய் அவர்களைப் பார்த்தார். தண்டனையைக் குறைக்கச் சொல்லி அதிகாரிகளிடம் மன்றாடினார். அவர்களை "பையன்கள்" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளையைப் பார்க்கப்போகும் ஒரு தாயாரைப் போலத் திரும்பத் திரும்பப் போனார்.

செஷயர் டைக்ஸைக் கூட்டி வந்த அதே 1948இல் லண்டனில் நடந்த இன்னொரு சாவையும் சொல்லிவிடுகிறேன். டேவிட் டாஸ்மா, போலந்து யூதர், ஹோட்டலில் பரிமாறும் வேலை. சொந்தக்காரர் யாரும் அருகில் இல்லாமல் புற்றுநோயில் கிடந்தார். சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவமனைச் சமூகப் பணியாளர் மட்டும் வந்து உட்கார்ந்து பேசுவார். டாஸ்மா இறக்கும்போது அவருக்கு 500 பவுண்டு எழுதி வைத்தார், அவர் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று. சாண்டர்ஸ் அப்புறம் படித்து டாக்டராகி, 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர் இல்லத்தைத் திறந்தார். இன்று உலகம் முழுக்க இருக்கும் அந்திமகால இல்லங்களுக்கு அதுதான் முன்மாதிரி. பிழைப்புக்கு வந்த ஊரில், ஹோட்டல் வேலையில் இருந்து, மொழி புரியாதவர்கள் நடுவில் செத்துப்போன ஒரு மனிதர். மாட்டுங்காவிலும் சயானிலும் மேசை துடைத்த, சைக்கிளில் ஹாரன் அடித்து இட்லி விற்ற நம் ஆட்களை நினைக்காமல் இதை என்னால் படிக்க முடியவில்லை.

இந்தியாவின் முதல் அந்திமகால இல்லமும் இந்த ஊரில்தான் வந்தது. 1986இல் பாந்த்ராவில், மவுன்ட் மேரி குன்றின் பக்கம், புற்றுநோய் அறுவை மருத்துவர் எல். ஜே. டிசோசா தொடங்கிய சாந்தி அவேத்னா சதன். அங்கே கட்டணம் கிடையாது. இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன என்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. நோயாளியை ஊருக்குக் கூட்டிப் போய்விடு என்பதுதான் நாம் சொல்லும் ஒரே யோசனை.

ஊருக்குப் போவது பற்றி ஒன்று சொல்கிறேன். அத்தை போன பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஓர் இல்லத்துக்குப் போய் வருகிறேன். ஒரு தடவை, தமிழர் ஒருவர் நாலைந்து நாளாக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அது அங்கே யாருக்கோ அரைகுறையாகப் புரிந்திருந்தது: ஊருக்குப் போகணும். பாவம், அந்தச் சமூகப் பணியாளர் குர்லாவிலிருந்து எந்த ரயில், ஆம்புலன்ஸ் என்றால் என்ன செலவு என்று விசாரித்து வைத்திருந்தார். உட்கார வைத்தால் மூச்சு வாங்குகிற ஆளுக்கு ஒன்றரை நாள் பயணம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊர்ல யாரப் பாக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அண்ணன" என்றார். நிலத் தகராறில் பேச்சு நின்று பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. நம்பர் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. போனில் பேசியது நாலே நிமிடம், அதிலும் பாதி அழுகை. அதன் பிறகு அவர் ஊர் பேச்சை எடுக்கவே இல்லை. நீராகாரம் கேட்டார். அது என்ன என்று சமையற்காரருக்கு விளக்க எனக்கு இன்னொரு கால் மணி நேரம் ஆனது.

இதற்குத்தான் ஆள் வேண்டும் என்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பெரியவர் பெயரில் மண்டபம் கட்ட ஒதுக்கும் பணத்தைத் தொடுவதற்கு முன்னால், அவர் பெயரில் ஒரு பட்டியல் தொடங்குங்கள். கடைசிக் காலத்தில் இருக்கும், அல்லது வருடக்கணக்கில் படுக்கையில் இருக்கும் தமிழர்களிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போய் உட்கார யாரெல்லாம் தயார் என்று. பெயர், எந்த ரயில் பாதையில் வீடு, எந்தக் கிழமை, எந்த ஊர்த் தமிழ். கடைசியாகச் சொன்னதை அற்பமாக நினைக்க வேண்டாம். காந்துது என்றால் நெல்லைக்காரிக்கு உடனே பிடிபடும். வேறு பக்கத்தவருக்கு ஒரு நொடி தயக்கம் வரலாம். தாராவி, ஆன்டாப் ஹில், சீட்டா கேம்ப், செம்பூர், முலுண்டு என்று நமக்கு எல்லாப் பக்கமும் ஆள் இருக்கிறது. பணி ஓய்வு பெற்று, காலையில் நடைப்பயிற்சி முடிந்ததும் நாள் நீண்டுகிடக்கிறது என்று சொல்லும் மாமாக்கள் மாட்டுங்காவில் எத்தனை பேர்! கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், வெளியில் மராட்டி என்று இரண்டும் தண்ணீராகப் பேசுகிற தலைமுறை அது. நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

போகிறவர்களுக்குப் பயிற்சி வேண்டும். அதைக் கொடுக்க அந்த இல்லங்களே முன்வரும். ஆனால் நாம் முதலில் நம் பழக்கங்கள் சிலவற்றை விட வேண்டியிருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் பழக்கூடையோடு பத்துப் பேர் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்மணி ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை உரிக்கக்கூட தெம்பில்லாமல், கேமராவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. நாட்டு மருந்து சொல்லக் கூடாது. எங்கள் சாமியைக் கும்பிடு என்று சொல்லக் கூடாது. ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்றும் சொல்லக் கூடாது. தனக்கு என்ன என்று அவர்களுக்குத் தெரியும், நாம் அப்படிச் சொன்ன மறு நொடியே அவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. முக்கியமாக, வருகிறேன் என்று சொன்ன கிழமையில் போயே ஆக வேண்டும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித் தணிப்பு இயக்கம் பின்னால் ஊர் ஊராகப் பரவியதற்கு, சாதாரண ஆட்கள் இப்படிக் கிழமை தவறாமல் போனது ஒரு பெரிய காரணம். அங்கே டீக்கடைக்காரரும் ஆட்டோக்காரரும் செய்ததை நாம் செய்ய முடியாதா?

பணத்துக்கும் சூ ரைடரிடம் ஒரு வழி இருக்கிறது. அவருடைய இல்லங்களுக்குப் பெரிய துணையாக நின்றவை பழைய பொருள் கடைகள். ஜனங்கள் கொடுத்த துணிமணி, பாத்திரம், புத்தகம் எல்லாவற்றையும் தொண்டர்கள் விற்று இல்லங்களுக்குக் கொடுத்தார்கள். நாம் பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கும் ஊர்க்காரர்கள். அம்மா போன பிறகு பீரோவில் கட்டாமல் கிடக்கும் காஞ்சிபுரம் பட்டு நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது? விற்கவும் மனசில்லை, கட்டவும் மனசில்லை. சங்கத்தின் கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறையைக் கடையாக்குங்கள். வரும் பணத்தில் காற்றுப் படுக்கையும் சக்கர நாற்காலியும் வாங்கி வைத்துத் தேவைப்படும் வீடுகளுக்குக் கொடுத்து வாங்கலாம். போய் வரும் பிள்ளைகளுக்கு ரயில் பாஸ் எடுத்துக் கொடுக்கலாம். என் அம்மாவின் அரக்குப் பட்டை நான் தருகிறேன்.

சூ ரைடரின் கதையில் கசப்பான பகுதியும் உண்டு, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. கடைசிக் காலத்தில் அவருக்கும் அவர் தொடங்கிய அறக்கட்டளையின் நிர்வாகிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. தன் பெயரைத் தாங்கிய அமைப்பிலிருந்தே விலகி, வேறொரு அறக்கட்டளை தொடங்கினார். 2000ஆம் ஆண்டு நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளில், இறந்தார். அவர் தரப்பில் எவ்வளவு நியாயம், நிர்வாகிகள் தரப்பில் எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் சங்கம் நடத்தும் உங்களுக்கு இது அந்நியமான கதையாக இருக்காது. நம் அமைப்புகள் உடைந்ததெல்லாம் யார் பெயர் கல்வெட்டில் முதலில் வருவது என்பதில்தானே. அங்கே தொடங்கியவருக்கும் நடத்தியவர்களுக்கும் பிணக்கு வந்த பிறகும் கட்டில்களில் படுத்திருந்தவர்களுக்கான கவனிப்பு நிற்கவில்லை. பெரியவர் பெயரில் நாம் எதைத் தொடங்கினாலும் அது அந்த அளவுக்காவது உறுதியாக இருக்க வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே கணக்கையும் பொறுப்பையும் எழுதி வையுங்கள். தேர்தலில் தலைவர் மாறினாலும் செவ்வாய்க்கிழமை போகிற ஆள் மாறக் கூடாது.

மண்டபமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒரு மண்டபம் தேவைதான். பெரியவரின் குடும்பத்தார் மனம் நோகவும் விரும்பவில்லை. ஆனால் அவரை நான் அறிந்தவரை, கட்டணம் கட்டும் நாளில் கல்லூரி வாசலில் தம்பியோடு வரிசையில் நின்றவர் அவர். பணத்தைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் கூடவே வந்து நின்றார்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அதற்குள் வலிச் சொற்களைத் தமிழ், மராட்டி, இந்தி மூன்றிலும் ஒரே தாளில் நான் எழுதிக் கொண்டு வருகிறேன். எல்லா வார்டிலும் ஒட்டலாம். 'துக்தய்' என்பதற்கு நேராக நோவுது, வலிக்குது என்று பெரிய எழுத்தில் இருக்கும். பட்டியல் தொடங்கினால் முதல் வரியில் என்னை எழுதிக்கொள்ளுங்கள்: ஞாயிறு பிற்பகல், சயானிலிருந்து எந்தப் பக்கமும், நெல்லைத் தமிழ்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி,
தாராவி, மும்பை